டிக்… டிக்… டிக்…! பானெட்டுக்கு உள்ளே இருந்து வரும் சத்தம் என்ன?

காலை 7 மணி. பனிக் காலம். இங்கிலாந்தில் ஒரு சிறிய ஊர்.

வீட்டுக்காரர் கார் ஷெட்டின் கதவைத் திறக்கிறார். உள்ளே ஒரு சிவப்புக் கார் நிற்கிறது. சின்னஞ்சிறு கார். இரண்டே இருக்கைகள். மேலே துணிக் கூரை. வெயில் அடித்தால் கூரையை மடக்கி விட்டு, காற்று வாங்கிக்கொண்டு ஓட்டலாம்.

சாவியைத் திருப்புகிறார். என்ஜின் உறுமிக்கொண்டு எழுகிறது. அடுத்த நொடி…

டிக்… டிக்… டிக்… டிக்…!

வீட்டுக்காரருக்கு வயிற்றைக் கலக்குகிறது. நேற்று வரை இந்தச் சத்தம் இல்லை!

அவர் மனைவி வாசலுக்கு வருகிறார்.

"என்னங்க அது? தையல் மெஷின் ஓடுவது போல இருக்கிறதே!" என்கிறார்.

இந்தக் கணவனும் மனைவியும் கற்பனை. ஆனால் அந்தக் காலையும் அந்தச் சத்தமும் கற்பனை அல்ல. "மாஸ்டா எம்.எக்ஸ்.5" என்ற காரை வைத்து இருப்பவர்களில் ஏராளமானவர்கள் இப்படி ஒரு காலையைப் பார்த்து இருக்கிறார்கள்.

அந்தச் சத்தம் ஒன்றும் இல்லாத சத்தமாக இருக்கலாம். என்ஜினுக்குச் சாவு மணியாகவும் இருக்கலாம். காரில் உட்காருகிறவர்களின் உயிருக்கே ஆபத்தாகவும் இருக்கலாம்!

மூன்றும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்று போலவே கேட்கும். எது என்று கண்டுபிடிப்பது எப்படி?

10 லட்சம் கார்கள்

முதலில் காரைப் பற்றி இரண்டு வார்த்தை.

1979-ம் ஆண்டு பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், மாஸ்டா கம்பெனியின் அதிகாரி கெனிச்சி யாமமோட்டோவைச் சந்தித்தார். "பழைய ஆங்கில ஸ்போர்ட்ஸ் கார்களைப் போல, இரண்டு பேர் உட்காரும் எளிமையான திறந்த கார் ஒன்றை நீங்கள் ஏன் செய்யக்கூடாது?" என்பது அவருடைய யோசனை.

10 வருடம் கழித்து அந்தக் கார் வந்தது. 1989-ல் அமெரிக்காவில் சிகாகோ நகரக் கண்காட்சியில் அதை வைத்தார்கள். ஜப்பானில் ஹிரோஷிமாவில் செய்த கார். விலை மலிவு. பெரிய பணக்காரர்தான் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டலாம் என்ற எண்ணத்தை இந்தக் கார் மாற்றியது. பள்ளிக்கூட வாத்தியாரும் வாங்கினார், தபால் ஊழியரும் வாங்கினார்.

2016-ம் ஆண்டு 10 லட்சமாவது கார் தயார் ஆனது. இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகத்திலேயே அதிகம் விற்றது இதுதான் என்று கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம் பெற்று இருக்கிறது.

1989-ல் இருந்து 1997 வரை வந்தவை முதல் தலைமுறைக் கார்கள். அவற்றில் இன்னும் ஏராளமானவை ஓடுகின்றன. நாம் பார்க்கும் "டிக் டிக்" அந்த முதல் தலைமுறைக் கார்களில் கேட்பது.

எண்ணெய்க் கிண்ணங்கள்

என்ஜினின் தலையில் 16 வால்வுகள் இருக்கின்றன. காற்றும் பெட்ரோலும் உள்ளே போக 8. புகை வெளியே போக 8. இவை கதவுகள் போல. திறக்கும், மூடும்.

இந்தக் கதவுகளை யார் திறப்பது? மேலே இரண்டு இரும்புத் தண்டுகள் சுழல்கின்றன. "கேம் ஷாப்ட்" என்று பெயர். தண்டில் முட்டை வடிவத்தில் மேடுகள் உண்டு. தண்டு சுழலும்போது மேடு வந்து வால்வை அழுத்தும். வால்வு திறக்கும். மேடு நகர்ந்ததும் ஸ்பிரிங் வால்வை மூடி விடும்.

மேட்டுக்கும் வால்வுக்கும் நடுவில் ஒரு சிறிய இரும்புக் கிண்ணம் கவிழ்த்து வைத்து இருக்கிறது. 16 வால்வுக்கு 16 கிண்ணம். சூட்சுமம் இந்தக் கிண்ணத்தில்தான் இருக்கிறது.

இரும்பு சூடானால் நீளும். குளிர்ந்தால் சுருங்கும். அதனால் மேட்டுக்கும் கிண்ணத்துக்கும் இடையே சந்து விழும். சந்து விழுந்தால் மேடு வந்து "டக்" என்று தட்டும். பழைய கார்களில் மெக்கானிக் அடிக்கடி பானெட்டைத் திறந்து இந்தச் சந்தை அளந்து சரி செய்ய வேண்டும்.

அந்த வேலையே வேண்டாம் என்று, கிண்ணத்துக்கு உள்ளே ஆயில் புகும்படி செய்தார்கள். என்ஜின் ஓடும்போது ஆயில் அழுத்தத்தோடு கிண்ணத்துக்குள் வரும். உள்ளே இருக்கும் சிறிய பிஸ்டன் நகர்ந்து, சந்து எவ்வளவோ அவ்வளவையும் அடைத்து விடும். யாரும் தொட வேண்டியது இல்லை.

நல்ல யோசனைதான். ஆனால் கிண்ணத்தின் துளைகள் மிக நுண்ணியவை. ஆயில் பழசாகிக் கசடு சேர்ந்தால் துளை அடைத்துக்கொள்ளும். கார் பல நாள் ஓடாமல் நின்றால் ஆயில் வடிந்து, அந்த இடத்தில் காற்று புகுந்து விடும். ஆயிலை அழுத்தினால் அடங்காது. காற்றை அழுத்தினால் அடங்கும்! அப்போது சந்து விழுகிறது. மேடு வந்து கிண்ணத்தைத் தட்டுகிறது.

அதுதான் "டிக் டிக்".

வண்டி சூடானதும் ஆயில் இளகி உள்ளே பாயும். காற்று வெளியேறும். சத்தம் நின்று விடும். சில கார்களில் ஒரு நிமிடத்தில் நிற்கும். சில கார்களில் கால் மணி நேரம் ஆகும்.

இந்தச் சத்தத்தால் கார் நடுரோட்டில் நின்று விடுமா? நிற்காது. ஆயிலையும் ஆயில் பில்டரையும் மாற்றினால் பாதிப் பேருக்கு மேல் நிம்மதி கிடைத்து விடும் என்பது அனுபவசாலி மெக்கானிக்குகள் சொல்வது. அதற்கும் நிற்காவிட்டால் மேல் மூடியைத் திறந்து, தண்டுகளைக் கழற்றி, கிண்ணங்களை மாற்ற வேண்டும். என்ஜினைக் காரில் இருந்து இறக்க வேண்டியது இல்லை.

எந்த ஆயில் ஊற்றுவது என்பது பற்றிக் கார்க்காரர்கள் நாள் முழுவதும் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையில் நாம் தலையிட வேண்டாம். காரோடு வந்த புத்தகத்தில் சொன்ன ஆயிலை, சொன்ன காலத்தில் மாற்றினால் போதும்.

மாஸ்டா கம்பெனியே இந்தத் தலைவலியை உணர்ந்தது போலும்! இரண்டாம் தலைமுறைக் காரின் 1.8 லிட்டர் என்ஜினில், ஆயில் கிண்ணத்தை விட்டு விட்டு, சந்தைக் கையால் அளந்து வைக்கும் பழைய முறைக்கே திரும்பி விட்டது.

நிறமும் இல்லை, மணமும் இல்லை!

சரி, "டிக் டிக்" என்றால் ஆயில் கிண்ணம்தான் என்று நினைத்துக்கொண்டு இருந்து விடலாமா?

கூடாது! இங்கேதான் அபாயம் ஒளிந்து இருக்கிறது.

என்ஜினில் எரிந்த புகை, முதலில் ஒரு இரும்புக் குழாய்க் கூட்டுக்குள் வருகிறது. என்ஜின் தலையோடு அதைத் திருகாணிகள் போட்டு இறுக்கி இருப்பார்கள். நடுவில் ஒரு தகடு. "கேஸ்கட்" என்று பெயர். அந்தத் தகடு கிழிந்தாலும், திருகாணி ஒன்று உடைந்தாலும், குழாயில் கீறல் விழுந்தாலும் புகை அந்தச் சந்து வழியாகப் பீறிடும்.

வால்வு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒரு பீறல். "டிக்… டிக்… டிக்…"

அதே சத்தம்! அதே வேகம்! இதற்கும் கணக்கு இருக்கிறது. கார் நின்ற இடத்தில் ஓடும்போது என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 850 சுற்று சுற்றுகிறது. கேம் ஷாப்ட் அதில் பாதி வேகத்தில் சுற்றும். அதாவது நொடிக்கு ஏழு சுற்று. ஒரு கிண்ணம் கெட்டால் நொடிக்கு ஏழு தட்டு. ஒரு சிலிண்டரின் புகை கசிந்தால் நொடிக்கு ஏழு பீறல். காது எப்படிப் பிரித்து அறியும்?

இன்னும் ஒரு ஒற்றுமை. இதுவும் காலையில், என்ஜின் குளிர்ந்து இருக்கும்போதுதான் அதிகம் கேட்கும். சூடானால் இரும்பு விரிந்து சந்து அடைபடும். சத்தம் குறையும். "ஓகோ, ஆயில் கிண்ணம்தான்" என்று கார்க்காரர் நினைத்து விடுவார்.

கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. மூச்சோடு உள்ளே போனால் ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்துகொள்ளும். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும்.

புகையைச் சுத்தம் செய்யக் காரின் அடியில் ஒரு கருவி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் கசிவு அந்தக் கருவிக்கு முன்னாலேயே நடக்கிறது! சுத்தம் ஆகாத புகைதான் வெளியே வருகிறது. அதுவும் குளிர்ந்த என்ஜினில் இந்த விஷ வாயு அதிகம்.

கூரையைத் திறந்து ஓட்டினால் காற்றில் பறந்து விடும். பனிக் காலத்தில் யார் திறப்பார்கள்? கூரையை மூடி, கண்ணாடியை ஏற்றி, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு போவார்கள். கண்ணாடிக்கு அடியில் உள்ள துவாரம் வழியாகக் காற்று உள்ளே வரும். பானெட்டுக்குள் கசிந்த புகையும் அதோடு சேர்ந்து வரலாம்.

தலைவலி, மயக்கம், குமட்டல். இவை முதல் அறிகுறிகள். "வளைந்து வளைந்து போகிற ரோடு, அதனால்தான் தலை சுற்றுகிறது" என்று பக்கத்தில் உட்கார்ந்து இருப்பவர் நினைத்துக்கொள்வார். காரை விட்டு இறங்கி நடந்ததும் சரியாகி, மறுபடி ஏறியதும் வந்தால், சந்தேகமே வேண்டாம். காரை நிறுத்துங்கள். எல்லோரும் இறங்கி வெளிக்காற்றில் நில்லுங்கள். தலைவலியோ மயக்கமோ தெளியாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கசிவை அடைக்கும் வரை அந்தக் காரை எடுக்காதீர்கள்.

கதவை மூடிய ஷெட்டுக்குள் நின்றுகொண்டு, என்ஜினை ஓடவிட்டுச் சத்தம் கேட்பது மகா முட்டாள்தனம். கதவைத் திறப்பது மட்டும் போதாது. காரை வெளியே தள்ளிக் கொண்டு வந்து விடுங்கள்.

டாக்டர் போல…

சத்தத்தைத் தேடிப் பிடிக்க மெக்கானிக்குகள் ஸ்டெதாஸ்கோப் வைத்து இருக்கிறார்கள்!

ஆம், டாக்டர் கழுத்தில் மாட்டி இருப்பாரே, கிட்டத்தட்ட அதே கருவிதான். 1816-ல் பாரிஸ் நகரத்து டாக்டர் லென்னக் கண்டுபிடித்தது. மெக்கானிக் வைத்து இருப்பதில் நெஞ்சில் வைக்கும் வில்லைக்குப் பதில் ஒரு நீண்ட இரும்புக் கம்பி இருக்கும்.

கம்பியின் நுனியை என்ஜினின் மேல் மூடியில் வைப்பார். ஒவ்வொரு சிலிண்டருக்கும் நேராக நகர்த்திக்கொண்டே போவார். ஆயில் கிண்ணம் தட்டினால், அந்த இடத்தில் சத்தம் "டங்" என்று காதில் இறங்கும். இரும்பில் இரும்பு மோதுகிற சத்தம். நகர்த்தினால் மங்கும்.

கருவி இல்லாதவர்கள் நீளமான திருப்புளியை எடுத்து, நுனியை மூடியில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரத்தில் வைத்துக் கேட்பார்கள். பழைய மெக்கானிக்குகள் பலருக்கு இதுவே போதும். ஆனால் எச்சரிக்கை! முன்பக்கம் பெல்ட் சுழன்று கொண்டு இருக்கும். இந்தக் காரின் விசிறி மின்சாரத்தில் ஓடுவது. திடீரென்று தானாகச் சுழலும். கழுத்தில் துண்டு, தொங்கும் தலைமுடி, தளர்ந்த சட்டைக் கை எதுவும் கிட்டே போகக்கூடாது.

புகைக் கசிவைப் பிடிக்கக் கம்பி உதவாது. ரப்பர் குழாய்தான் வேண்டும். ஒரு முனையைக் காதருகே வைத்துக்கொண்டு, மறு முனையைப் புகைக் குழாயின் இணைப்புகள் ஓரமாக மெல்ல நகர்த்த வேண்டும். இரும்பைத் தொடக் கூடாது. கசியும் இடத்துக்கு நேராக வந்ததும் "புஸ்… புஸ்…" என்று ஊதுவது தெளிவாகக் கேட்கும்.

கண்ணும் உதவும். என்ஜின் முழுவதும் ஆறிய பிறகு, இணைப்புகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். விளக்குக் கரி போலக் கறுப்பாகப் படிந்து இருந்தால் அங்கே கசிகிறது.

மேலும் ஒரு சோதனை உண்டு. மேடு ஏறும்போது என்ஜினுக்குச் சுமை கூடும். புகைக் கசிவின் சத்தம் அப்போது உரக்கக் கேட்கும். ஆயில் கிண்ணம் சுமையைச் சட்டை செய்யாது.

அடிவயிற்றில் இருந்து வரும் சத்தம்

மூன்றாவதுதான் கார்க்காரர்கள் பயந்து நடுங்குவது.

இது "டிக்" அல்ல. "டொக்". கனத்த சத்தம். என்ஜினின் மேலே அல்ல, கீழே இருந்து வரும். ஆக்சிலேட்டரை மிதித்தால் அதிகம் ஆகும். வண்டி சூடானால் ஆயில் கிண்ணம் அடங்கும், இது அடங்காது. இன்னும் மோசமாகும்.

பிஸ்டனையும் கிராங்க் ஷாப்டையும் சேர்க்கும் கம்பியின் பேரிங் தேய்ந்து விட்டது என்று அர்த்தம். இதோடு ஓட்டினால் ஒரு நாள் அந்தக் கம்பி முறிந்து, என்ஜினின் சுவரையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். இந்தச் சத்தம் என்று சந்தேகம் வந்தால் சாவியை அணைத்து விட்டு, வேறு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

ஆனால் இதிலும் ஒரு போலி உண்டு! 1989-ல் இருந்து 1991 வரை வந்த முதல் கார்களில், கிராங்க் ஷாப்டின் முன்மூக்கு குட்டையாக இருந்தது. அதில் மாட்டிய கப்பி சில கார்களில் தளர்ந்து ஆடியது. ஆடும் கப்பியும் "டொக் டொக்" என்று தட்டும். பேரிங் போய் விட்டது என்று கார்க்காரர் தலையில் கை வைத்துக்கொள்வார். என்ஜின் ஓடும்போது எட்டி நின்று கப்பியைப் பாருங்கள். தேய்ந்த சைக்கிள் சக்கரம் போல ஆடுகிறதா? அப்படியானால் கோளாறு அங்கே. அதையும் விட்டு வைத்தால் கிராங்க் ஷாப்டே கெட்டு விடும். பழைய கார் வாங்குகிறவர்கள் கப்பியின் நடுவில் உள்ள வெட்டுகளை எண்ணுவது இதனால்தான். 4 இருந்தால் குட்டை மூக்கு. 8 இருந்தால் நீள மூக்கு.

ஏமாற்றும் முள்

"டொக்" என்று கேட்டால் ஆயில் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார் என்பார்கள். பேரிங் தேய்ந்தால் அழுத்தம் குறையும். முள் இறங்கும்.

இந்தக் காரில் அதையும் நம்ப முடியாது!

1994 வரை வந்த கார்களில் இருப்பது உண்மையான முள். அழுத்தம் கூடினால் ஏறும். குறைந்தால் இறங்கும். 1995-ம் ஆண்டு மாடலில் இருந்து அதை மாற்றி விட்டார்கள். ஆயிலில் கொஞ்சம் அழுத்தம் இருந்தாலே முள் நேராக நடுவில் வந்து நிற்கும். பாதி அழுத்தம் போனாலும் நடுவிலேயே நிற்கும். முழுவதும் போனால்தான் விழும். அதற்குள் என்ஜின் போய் இருக்கும். எச்சரிக்கை விளக்கு செய்கிற வேலையை, முள் வேடம் போட்டுச் செய்கிறது. கார் செய்தவர்கள் இதைச் செய்து இருக்க வேண்டாம். உண்மையான அழுத்தத்தை அறிய, மெக்கானிக்கிடம் சொல்லித் தனி மீட்டர் மாட்டித்தான் பார்க்க வேண்டும்.

சில்லறைச் சத்தங்கள்

"கீச்" என்று கத்தினால் பெல்ட். பூவாளித் தண்ணீர் போலக் கொஞ்சம் தெளித்துப் பாருங்கள். சத்தம் கூடினால் பெல்ட் தொய்ந்து இருக்கிறது. சற்று நேரம் நின்று மறுபடி வந்தால் கப்பி நேர்க்கோட்டில் இல்லை.

"கடகட" என்று தகரம் அதிர்ந்தால், புகைக் குழாயின் மேல் உள்ள வெப்பத் தகடு. "கரகர" என்று அரைத்தால் வாட்டர் பம்ப்பின் பேரிங்காக இருக்கலாம். டைப் அடிப்பது போல மிக மெல்லிய "டிக் டிக்" எப்போதும் கேட்டால் அது பெட்ரோல் தெளிக்கும் இஞ்செக்டர். அது நோய் அல்ல. நாடித் துடிப்பு.

நம் இங்கிலாந்து வீட்டுக்காரர் காரை வெளியே தள்ளினார். மேல் மூடியில் திருப்புளியை வைத்தார். மூன்றாவது சிலிண்டருக்கு நேராக "டங்" என்று கேட்டது. ரப்பர் குழாயில் ஒன்றும் கேட்கவில்லை. ஆறிய பிறகு பார்த்தார். கரி இல்லை. ஆயில் மாற்றி எத்தனை நாள் என்று புத்தகத்தைப் புரட்டினார். அவருக்கே வெட்கமாகப் போய் விட்டது!

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆயில் கிண்ணமும் சரி, புகைக் கசிவும் சரி, என்ஜின் சூடானால் வாயை மூடிக்கொள்ளும். விற்கிறவர்களில் சிலருக்கு இது நன்றாகத் தெரியும். நீங்கள் போகும் முன்பே அரை மணி நேரம் ஓட்டி வைத்து இருப்பார்கள்.

போனதும் முதலில் பானெட்டின் மேல் கை வையுங்கள். சில்லென்று இருக்க வேண்டும். சூடாக இருந்தால், "நாளைக் காலையில் வருகிறேன், நான் வரும் வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லி விட்டுத் திரும்பி வந்து விடுங்கள்.